விசா ஜலஜா

செகந்திராபாத் மேற்கு மாரெட்பள்ளியில் ஜலஜா வீடு எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். விசா ஜலஜா வீடு என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அந்தப் பட்டப்பெயர் ஜலஜாவுக்குத் துளியும் பிடிக்காது. பிடிக்காமல் இருப்பதில் நியாயமும் உண்டு. முப்பது வருடம் அமெரிக்க வெளியுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவள் அவள். மணிலா, அங்காரா, கொழும்பு என்று பெட்டி கட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டில் தூதருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். அந்த முப்பது வருடத்தில் விசா ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தது முதல் இரண்டு வருடம்தான்.

ஆனால் 1999இல் அவள் பிறந்த ஊருக்குத் திரும்பிவந்தபோது ஹைதராபாத்தே விசா ஜுரத்தில் கிடந்தது. அமீர்பேட்டைக்குப் போய் நாலு மாதம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளெல்லாம் பறந்துகொண்டிருந்தார்கள். பறந்த பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர்கள் பறக்கத் துடித்தார்கள். அப்போதெல்லாம் விசா நேர்காணலுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஜலஜா வீட்டு வாசல் மணியை ஒரு தடவை அடித்துவிடுவது என்பது காலனி வழக்கமாகவே ஆகிவிட்டது. அவள் எல்லோரையும் உட்காரவைத்துக் காபி கொடுப்பாள். சிபாரிசு மட்டும் கிடையாது. எத்தனை பெரிய மனுஷர் கேட்டாலும் கிடையாது.

அவளுடைய கதையைக் கேட்டால் அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று புரியும். தாத்தா காலத்தில், வெள்ளைக்காரன் ராணுவம் செகந்திராபாத்தில் கூடாரம் போட்டிருந்தபோதே கும்பகோணத்திலிருந்து வந்து நிலைத்த குடும்பம். அப்பாவுக்கு ரயில்வே கணக்கு அலுவலகத்தில் வேலை. ஜலஜா படிப்பில் சூட்டிகை. ஐம்பத்தாறில் உதவித்தொகை கிடைத்து அமெரிக்கா போனாள். போன இடத்தில் ஒரு கணித விரிவுரையாளரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா நாலைந்து வருடம் அவளோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது பேசுவதற்கு நல்ல சேதி மிச்சமிருக்கவில்லை. அதற்குள் அவள் கணவர் இதயக் கோளாறில் போய்ச் சேர்ந்துவிட்டார். "வந்துடும்மா" என்றார் அப்பா. "நக்கோப்பா" என்றாள் மகள். செகந்திராபாத்தில் வளர்ந்த பெண்ணுக்கு மாட்டேன் என்று சொல்ல அதைவிடச் சுருக்கமான வார்த்தை கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் வெளியுறவுத் துறைத் தேர்வு எழுதினாள். நேர்முகத் தேர்வில் எதிரே மூன்று ஆண்கள். அமெரிக்காவுக்காகப் பேச உங்களிடம் அப்படி என்ன தகுதி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். "எங்கள் தெருவில் பால்காரரிடம் ஒரு பாஷை, காய்கறிக்காரம்மாவிடம் ஒரு பாஷை, பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. நாலிலும் சண்டை போட்டிருக்கிறேன், நாலிலும் சமாதானமும் செய்திருக்கிறேன்" என்றாள் ஜலஜா. வேலை கிடைத்தது.

மணிலாவில் கூட வேலை பார்த்த ஒருவருக்கு அவள்மேல் பிரியம் வந்தது. அவளுக்கும்தான். அந்தக் காலத்து நடைமுறை என்னவென்றால், பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். ஆண் அதிகாரிக்கு அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஜலஜா வேலையை வைத்துக்கொண்டாள். ரொம்ப நாள் ஆகவில்லை, அந்த நடைமுறையைத் தூக்கிவிட்டார்கள். அதற்குள் அந்த மனிதருக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் பிறந்திருந்தது. ஜலஜா ஒரு வாரம் அழுதாள். அப்புறம் அங்காராவுக்கு மாற்றல் வந்தது, போனாள்.

ஆப்பிரிக்காவில் ஒரு தடவை ராணுவப் புரட்சி. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். ஊரில் மாட்டிக்கொண்ட அமெரிக்கக் குடும்பங்களெல்லாம் தூதரகத்துக்குள் வந்து அடைந்துகொண்டன. பெரிய அதிகாரிகள் எச்சரிக்கைமேல் எச்சரிக்கை விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஜலஜா புரட்சி செய்த கர்னலைப் போய்ப் பார்த்தாள். "விமான நிலையத்தைத் திறங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டுத் திறந்தால் நீங்கள் பணிந்துபோனதாக ஊர் பேசும். நீங்களாகவே இரக்கப்பட்டுக் குழந்தைகளை அனுப்பிவைத்ததாக வானொலியில் சொல்லிக்கொள்ளுங்கள், நாங்கள் மறுக்க மாட்டோம்" என்றாள். மறுநாள் விமானம் கிளம்பியது. எதிரே இருப்பவர் கௌரவமாக இறங்கிவர ஒரு படி போட்டுக்கொடுப்பதுதான் அவளுடைய தொழில் ரகசியம். ரகசியம் என்று அவள் மூடிவைத்ததும் இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

சிபாரிசு செய்வதில்லை என்ற முடிவு அதற்கெல்லாம் முன்னால், மணிலா ஜன்னலிலேயே எடுத்தது. பெரிய இடத்துக் கடிதத்தோடு ஒருவர் வந்து நிற்பார். அவருக்குப் பின்னால் கடிதம் கொடுக்க ஆளில்லாத ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். அந்தப் பின்னால் நிற்கிறவளின் முகம் ஜலஜாவுக்கு மறக்கவே இல்லை. யாருக்காகவும் யாரிடமும் பேசுவதில்லை என்று அன்றைக்கு வைத்துக்கொண்டதுதான்.

இப்படி முறுக்காக இருந்தவளுக்கு 2004இல் சோதனை சொந்த வீட்டிலிருந்தே வந்தது. தம்பி கிருஷ்ணமூர்த்தி அடுத்த தெருவில் இருந்தான். பாதுகாப்புத் துறை சார்ந்த ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அறுபதைத் தாண்டினாலும் அக்காவுக்குத் தம்பி 'அவன்'தான். அவன் மனைவி கல்பகம். ஒரே மகள் மஹதி நியூ ஜெர்சியில் வேலை பார்த்துக்கொண்டு, புருஷன் ராகவேந்திராவோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது ஏழாம் மாதம். முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அப்போது தொலைபேசியில் மகள் அழ, இங்கே தாய் அழ, இரண்டு பேரும் அழுததைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தத் தடவை பிரசவத்துக்கு எப்படியும் போய்விட வேண்டும் என்று கல்பகம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டுவிட்டது. மூன்றாவது நேர்காணலுக்கு நாள் வாங்கியிருந்தார்கள். அதுவும் போனால் குழந்தை பிறந்த பிறகு புகைப்படத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கிருஷ்ணமூர்த்தி ஒருநாள் காலை நேராக வந்து உட்கார்ந்தான். காபியைக் கையில் வாங்கவில்லை.

"அக்கா, உன் கீழே வேலை பார்த்தவர் ஒருத்தர் இப்போ சென்னைல பெரிய பதவியில இருக்கார்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன்."

"ஒரு போன் பண்ணு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"முடியாதுடா கிட்டு."

"ஊருக்கெல்லாம் முடியாதுங்கறே, சரி. மஹதிக்குமா முடியாது?"

ஜலஜாவுக்குச் சுருக்கென்றது. மஹதி அவள் பெறாத பெண். லீவில் வரும்போதெல்லாம் தோளில் தொங்கியவள். தம்பி கோபத்தில் கேட்கவில்லை, கெஞ்சிக் கேட்டான். அதுதான் அதிகமாக வலித்தது. போன் பண்ணினால் காரியம் நடந்துவிடுமோ என்னவோ, பண்ணிவிட்டால் இத்தனை வருடம் வாசலிலிருந்து திருப்பி அனுப்பிய முகங்களுக்கெல்லாம் தான் என்ன பதில் சொல்வது என்று நினைத்தாள்.

"நாளைக்குக் காலம்பற கல்பகத்தை அனுப்பு. அந்த ஃபைலையும் எடுத்துண்டு வரச் சொல்லு" என்றாள்.

கல்பகம் வந்தாள். ஃபைல் தலையணை உயரம் இருந்தது. வீட்டுப் பத்திரம், வங்கி ரசீதுகள், ஓய்வூதியப் புத்தகம், மஹதியின் கல்யாண ஆல்பம்கூட உள்ளே இருந்தது. ஜலஜா சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். கல்பகத்தை இந்தப் பக்கம் நிற்கவைத்தாள்.

"இதுதான் ஜன்னல். நான் உன் நாத்தனார் இல்லை, ஆபீசர். எதுக்காகப் போறேள்?"

"சுத்திப் பார்க்க. நயாகரா, சுதந்திர தேவி சிலை, வெள்ளை மாளிகை..." ஒப்பித்தாள் கல்பகம். அமீர்பேட்டையில் யாரோ ஒரு ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பாடம்.

"எத்தனை நாள்?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசமும் நயாகராவையே பார்த்துண்டிருப்பேளா?"

கல்பகம் ஃபைலிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து நீட்டினாள்.

"பொண்ணு எப்படி இருக்கா? விசேஷம் ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை."

ஜலஜா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "என்னடி இது, என்கிட்டயே இல்லைங்கறே? பிரசவத்துக்குப் போறேன்னு சொல்றதுல என்ன தப்பு? பொண்ணுக்கு ஒத்தாசையா அம்மா போறது உலகத்துல எல்லாருக்கும் புரியுமே. ஏஜென்ட் சொன்னா நீ பொய் சொல்லணுமா?"

"ஏஜென்டுக்காக இல்லை அக்கா." கல்பகம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அங்கே ஹால் நிறைய ஜனம். மைக்ல பேசறா, நாம சொல்றது எல்லார் காதுலயும் விழறது. போன தடவை ரெண்டாம் மாசமே ஆசை தாங்காம காலனி பூரா சொல்லிட்டேன். என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமே. இந்தத் தடவை என் வாயால யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை. பக்கத்தாத்து ரஞ்சனாவுக்குக்கூடத் தெரியாது. அத்தனை பேர் கண்ணும் என் பொண்ணு வயித்துல படணுமா?"

ஆக, இரண்டு தடவையும் கல்பகம் ஜன்னலில் நின்று பொய் சொன்னதற்குக் காரணம் இதுதான். விசா வேண்டும் என்றால் ஹைதராபாத்தில் எல்லோரும் போகும் சில்கூர் பாலாஜி கோவிலைச் சுற்றிச் சுற்றி வந்து வேண்டிக்கொண்டவள், வேண்டுதலின் காரணத்தைச் சாமியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சாமி விசா கொடுப்பதில்லையே, என்ன செய்வது?

ஜலஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாவது படுவதாவது என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். படித்தவள், உலகம் சுற்றியவள், வாயில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதிரே இருப்பவரின் பயத்தைக் கேலி செய்து எந்த ஊரிலும் எந்தக் கதவும் திறந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். கர்னலுக்குப் போட்டுக்கொடுத்த மாதிரி கல்பகத்துக்கும் இறங்கிவர ஒரு படி வேண்டும்.

"சரி. வாய் திறந்து எப்போ சொல்லலாம்?"

"வளைகாப்பு ஆயிடுத்துன்னா சொல்லலாம். அன்னிக்கு ஊரே வந்து பார்க்கப்போறது, திருஷ்டியும் சுத்திப் போட்டுடுவா. அப்புறம் மறைக்க என்ன இருக்கு?"

"அப்போ வளைகாப்பைப் பண்ணிடுவோம்."

"பொண்ணு அங்கே இருக்காளே அக்கா!"

"இருக்கட்டுமே. போன் இருக்கு."

கிருஷ்ணமூர்த்தி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். பெண்ணே இல்லாமல் வளைகாப்பா, ஊர் சிரிக்காதா, நான் ஒரு போன்தானே பண்ணச் சொன்னேன் என்றான். "நானும் போன்தாண்டா பண்ணப்போறேன், உன் பொண்ணுக்கு" என்றாள் அக்கா. கல்பகம் இரண்டு நாள் யோசித்தாள். யோசித்துவிட்டுத் தானே மோண்டா மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போய்ப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் வாங்கிவந்தாள். ஜலஜாவுக்கு அப்போதே பாதி தைரியம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடம் கொள்ளாமல் பெண்கள். நியூ ஜெர்சியில் அப்போது காலை. நடுவில் கோலம் போட்ட மணையில் தொலைபேசியை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டிருந்தார்கள். அங்கே மஹதியின் சிநேகிதிகள் இரண்டு பேர் அவள் கையில் வளையல் அடுக்க, இங்கே பெண்கள் பாடினார்கள். பாட்டு நின்றதும் கம்பி வழியாக வளையல் குலுங்கும் சத்தம் கேட்டது. கல்பகத்துக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, அழாதே. ஆபீசுக்கு லேட் ஆறது, சீக்கிரம் ஆரத்தி எடு" என்றது மஹதியின் குரல். தொலைபேசிக்கே ஆரத்தி எடுத்துத் திருஷ்டி சுற்றிப் போட்டார்கள்.

"என்ன ஆன்ட்டி, இவ்ளோ பெரிய குட் நியூஸை இத்தனை நாள் மறைச்சு வெச்சீங்களா? காய்கூ, ஏன்?" என்று ரஞ்சனா சண்டைக்கு வந்தாள்.

கல்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூடம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என் பொண்ணு முழுகாம இருக்கா. இது ஏழாம் மாசம். நான் பிரசவம் பார்க்கப் போகணும்."

ஜன்னலில் சொல்ல வேண்டியது மொத்தமும் அதுதான். ஜலஜா அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஃபைலிலிருந்து பாஸ்போர்ட்டையும் மஹதியின் டாக்டர் கொடுத்த ஒரு தாளையும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தன் பெயரை எங்கேயும் எடுக்கக் கூடாது என்று மட்டும் கண்டித்துச் சொன்னாள்.

கல்பகமும் கிருஷ்ணமூர்த்தியும் சென்னைக்கு ரயிலேறினார்கள். நேர்காணல் நடந்த காலை ஜலஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புரட்சி நடந்த ஊரில் நன்றாகத் தூங்கியவள் அன்றைக்கு விடியும் முன்பே எழுந்துவிட்டாள். மறுபடியும் இல்லை என்று சொல்லிவிட்டால் தம்பி இந்த ஜன்மத்தில் மன்னிக்க மாட்டான். மஹதி ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் தானே தன்னை மன்னிக்க முடியாது. சென்னை எண் அவளுக்கு மனப்பாடம். ரிசீவரைக்கூட எடுத்துவிட்டாள். இன்னும் நேரம் இருக்கிறது, ஒரே நிமிஷப் பேச்சு. கல்பகம் கூடத்தில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்ன அந்த முகம் ஞாபகம் வந்தது. அத்தனை பயத்தை விழுங்கிவிட்டுப் போனவளை நம்பாமல் பின்னால் ஆள் அனுப்புவதா என்று தோன்றியது. ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், வேண்டாத பாத்திரங்களையெல்லாம் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மதியத்துக்கு முன்னால் தொலைபேசி மணி அடித்தது.

"அக்கா, குடுத்துட்டா!" கல்பகம் தெருவில் நின்று கத்தினாள், பின்னால் பஸ் சத்தம். "சின்னப் பொண்ணுதான் ஆபீசர். தமிழ்ல மாத்திச் சொல்ல ஒருத்தர் பக்கத்துல. எதுக்குன்னு கேட்டா, பொண்ணுக்குப் பிரசவம்னேன். அப்போ போன ரெண்டு தடவை ஏன் சொல்லலைன்னு கேட்டா பாருங்கோ, எனக்கு ஒரு நிமிஷம் உசிரே இல்லை. கண் பட்டுடும்னு பயந்தேன், இப்போ வளைகாப்பு ஆயிடுத்து, பயமில்லைன்னேன். அவர் அதை மாத்திச் சொல்றதுக்குள்ள திண்டாடிட்டார்."

"எத்தனை நாள்னு கேட்டாளா?"

"கேட்டா. மூணு மாசம், அதுக்கு மேல இருந்தா எனக்கும் என் பொண்ணுக்கும் ஒத்துக்காது, சண்டை வந்துடும்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுடுத்து."

ஜலஜாவும் சிரித்தாள். சோப்புக் கையோடு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். தன் உத்தியோகத்தில் எத்தனையோ ஒப்பந்தம் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு சந்தோஷம் ஒன்றிலும் கிடைத்ததில்லை.

ஊர் திரும்பியதும் கிருஷ்ணமூர்த்தி கையில் ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தான். கல்பகமும் கூட வந்தாள். "நீ பண்ணலைன்னு சொன்னாலும் எனக்குத் தெரியும் அக்கா. உள்ளுக்குள்ள ஒரு போன் போட்டுட்டே" என்று கண்ணைச் சிமிட்டினான்.

வேறு யாராவது என்றால் ஜலஜா சிரித்துவிட்டு விட்டிருப்பாள். பெயர் யாருக்குப் போனால் என்ன, காரியம் ஆனால் சரி என்றுதான் முப்பது வருடம் வேலை பார்த்தாள். ஆனால் இந்தப் பெயர் கல்பகத்துடையது. அதைத் தம்பி கைமாற்றிக் கொடுக்க, தான் வாங்கிவைத்துக்கொள்வதா? அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"கிட்டு, நன்னா கேட்டுக்கோ. அந்த விசாவை வாங்கினது உன் ஆத்துக்காரி. நான் போன் பண்ணி வாங்கியிருந்தா, கூடவே உனக்கும் ஒண்ணு வாங்கி உன்னையும் அனுப்பிவெச்சுட்டு, இங்கே நிம்மதியா இருந்திருப்பேன்."

கல்பகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிருஷ்ணமூர்த்தி மனைவியைத் திரும்பிப் பார்த்தான், இத்தனை வருடத்தில் பார்க்காத ஆளைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் மைசூர்பாகு பொட்டலத்தைப் பிரித்து முதல் துண்டை அவளிடம் நீட்டினான்.

கல்பகம் கிளம்பிப் போனாள். அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிருஷ்ணமூர்த்தி அக்கா வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஜலஜா எடுத்தாள்.

"அக்கா, கேளுங்கோ. ஆஸ்பத்திரில நர்ஸ் என்னை வாசல்லயே நிறுத்திட்டா. ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாமாம், மாப்பிள்ளை ஏற்கெனவே உள்ளே இருக்காராம். உள்ளே மஹதி கத்தறது கேக்கறது எனக்கு. நான் நகரலையே. யார் முடிவு பண்றவான்னு கேட்டேன். பெரிய நர்ஸ் வந்தா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். போன தடவை இவ அழுதப்போ நான் கூட இல்லை, இந்தத் தடவை இருக்கணும்னு ஹைதராபாத்லேர்ந்து வந்திருக்கேன், ஒரு ஓரமா நின்னுக்கறேன், உங்க வேலைக்கு நடுவுல வரமாட்டேன்னேன். அவ என்னையே பார்த்தா. அப்புறம் ஒரு பச்சை அங்கியைக் கொண்டுவந்து, அவளே எனக்கு மாட்டிவிட்டா அக்கா!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கடைசி வரைக்கும் மஹதி கையைப் பிடிச்சுண்டே நின்னேன். நகம் பதிஞ்சு என் கையெல்லாம் ரத்தம். போறது போங்கோ."

ஜலஜாவுக்குக் கண்ணில் வழிந்ததைத் துடைக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் வந்து நின்ற கிருஷ்ணமூர்த்தி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "என்ன குழந்தை? கேளு அக்கா, என்ன குழந்தை?"

"கல்பகம், குழந்தை என்னன்னு உன் ஆத்துக்காரன் குதிக்கறான்."

"ஐயோ, அதைச் சொல்லவே இல்லையா நான்?" என்றாள் கல்பகம். "பொண்ணு!"